ஊசியின் பெயர் என்ன?

நோயாளி பேசுவான் என்பதே வைத்தியத்தின் பாதி பலம். எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கிற்று, நேற்று உண்டது என்ன என்று வைத்தியர் கேட்பார், நோயாளி சொல்லுவான், சொல்லத் தெரியாத குழந்தைக்காகத் தாய் சொல்லுவாள். மிருக வைத்தியருக்கோ இந்தப் பாதி கிடையாது. ஆகவே மற்றப் பாதியாகிய கண்ணும் கையும் கருவியும் அவருக்கு இரட்டிப்பு வேலை செய்தாக வேண்டும். அதுமட்டுமன்று. தன் நோயாளியிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அதனை அழைத்து வந்தவரிடம் அவர் சொல்லித் தீரவேண்டும். பார்க்கவும் மாட்டோம், சொல்லவும் மாட்டோம் என்று நடத்தப்படும் ஒரு நிலையத்தை மிருக வைத்தியசாலை என்று அழைப்பது அப்பெயருக்கே அவமானம். மருந்துக் கடை என்று அழைக்கலாமென்றால் அதுவும் பொருந்தாது. கடைக்காரன் தான் விற்கும் சரக்கின் பெயரையேனும் சொல்லுவான்.

இவ்வளவு காரமாக எழுத நேர்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

நம் வீட்டில் ஐந்து ஆண்டுகளாக மணி என்றொரு நாய் இருந்தது. சாதி நாயன்று, தோட்டத்து லயத்தில் பிறந்த நாட்டு நாய். சென்ற ஆண்டின் கடைசியில், மழை நாளொன்றில், அது உணவை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. மறுநாள் ஈறுகள் வெளுத்திருந்தன. மூக்கின் ஓரத்தில் ஒரு துளி இரத்தம் இருந்தது. கால்விரல்களின் இடுக்கில் உண்ணிகளையும் கண்டோம். அன்றே நம் ஊரில் பேர்பெற்ற ஒரு மிருக வைத்தியசாலைக்கு எடுத்துச் சென்றோம். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், சுவர் முழுதும் சீமையிலிருந்து வந்த நாயுணவு மூட்டைகள்: வேண்டிய அலங்காரமெல்லாம் அங்கே உண்டு. இரண்டு மணி நேரம் காத்திருந்த பின்னர் உள்ளே அழைத்தார்கள்.

உள்ளே நாம் இருந்தது நான்கு நிமிஷம். நாயை மேசைமேல் ஏற்றவில்லை. காய்ச்சல் பார்க்கவில்லை. ஈறுகளைத் திறந்து பார்க்கவில்லை. தரையில் கிடந்த பிராணியை நாற்காலியில் இருந்தபடியே ஒரு பார்வை பார்த்த வைத்தியர், “உணவு ஒவ்வாமை” என்றார். உண்ணி இருக்கிறதே, இரத்தம் வருகிறதே, இரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டாமா என்று பணிவாகத்தான் கேட்டோம். “வைத்தியர் நீங்களா, நானா?” என்ற பதில் வந்தது. ஒரு ஊசி போடப்பட்டது. பெயரெழுதாத சிறு பிளாஸ்டிக் உறையில் வெள்ளை மாத்திரைகள் பத்து. குளிப்பாட்ட ஒரு புட்டி ஷாம்பு. ஒரு மூட்டை விசேஷ உணவு. மொத்தம் 340 வெள்ளி. ரசீதில் ‘ஊசி – 1’ என்று கண்டிருந்தது. என்ன ஊசி என்று கண்டிருக்கவில்லை.

இரண்டு நாட்களில் மூக்கில் இரத்தம் நில்லாமல் வரத் தொடங்கிற்று. தொலைபேசியில் அழைத்தோம். வைத்தியருக்கு ஒழிவில்லை, ஐந்து நாள் மருந்து முடிந்த பிறகு வரவும் என்றார் குமாஸ்தா. மூன்றாம் நாள் பக்கத்து ஊரிலிருந்த வேறொரு வைத்தியரிடம் கொண்டுசென்றோம். அங்கே குளிர்சாதனமும் இல்லை, மூட்டைகளும் இல்லை. அவர் நாயின் கழுத்தையும் தொடையிடுக்கையும் தடவி நெறிகட்டியிருப்பதைக் கண்டார். ஈறுகளில் செம்புள்ளிகளைக் கண்டார். சிறிது இரத்தம் எடுத்து அணுக்களை எண்ணச் செய்தார். இன்னும் சில துளிகளை ஒரு சோதனைத் தட்டில் விட்டுப் பத்து நிமிஷத்தில் பதில் சொன்னார். உண்ணிக் காய்ச்சல். இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் அநேகமாகத் தீர்ந்துபோயிருந்தன.

உடனே அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான். “முன்பு போட்ட ஊசியின் பெயர் என்ன?”

அவர் வம்புக்காகக் கேட்கவில்லை. வலியும் காய்ச்சலும் தணிப்பதற்கென்று போடப்படும் மருந்துகளில் ஒரு வகை, இரத்தக் கசிவை அதிகப்படுத்த வல்லது. ஸ்டீராய்டு என்பது மற்றொரு வகை. இவ்விரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால் குடலில் புண்ணும் இரத்தப்பெருக்கும் உண்டாகக்கூடும். முன்னவர் கொடுத்தது எதுவென்று அறியாமல் பின்னவர் கைவைப்பது, இருட்டறையில் கத்தி வீசுவதாகும். நாம் அழைத்துக் கேட்டோம். “மருந்தின் பெயரை வெளியே சொல்லும் வழக்கம் இல்லை” என்றார் குமாஸ்தா. வைத்தியரே தம் தொழிலாளர் என்ற முறையில் அழைத்துக் கேட்டார், திரும்ப அழைப்பதாகச் சொன்னார்கள், அழைக்கவில்லை. கொடுக்கலாமா கூடாதா என்று அவர் தயங்கிய மருந்தைத் தள்ளிவைத்து, ஐயமில்லாததை மட்டும் கொடுத்து வந்தார். இரண்டாம் இரவு மணி இறந்துபோயிற்று.

பிறகு நாம் நேரில் சென்று, நாயின் சிகிச்சைக் குறிப்பின் நகலைக் கேட்டோம். கொடுக்க மறுத்த அந்த ஸ்தாபனத்தார், நமக்கு ஆறுதல் சொல்லுவதாக எண்ணிக்கொண்டு, “அதன் ஆயுள் அவ்வளவுதான், விதி” என்றார்கள்.

இந்த நாயைக் கொன்றது முதல் வைத்தியசாலைதான் என்று நாம் சொல்லவில்லை. மூன்று நாள் முன்னதாகச் சோதித்திருந்தாலும் பிழைத்திருக்கலாம், பிழையாமலும் போயிருக்கலாம் என்று இரண்டாம் வைத்தியரே சொன்னார். தவறாகக் கணித்துவிட்டார் என்பதும் நம் பெரிய குற்றச்சாட்டன்று. கைதேர்ந்த வைத்தியருக்கும் கணிப்புத் தவறும். நாம் சாட்டும் குற்றம் வேறு. பார்க்காமல் கணித்தார்கள் என்பது ஒன்று. தாங்கள் செய்தது இன்னதென்று, சொல்ல வேண்டிய நேரத்தில், சொல்ல வேண்டியவருக்குச் சொல்ல மறுத்தார்கள் என்பது மற்றொன்று. முன்னதைச் சோம்பல் என்று மன்னிக்கலாம். பின்னதற்கு மன்னிப்பு ஏது?

உண்ணிக் காய்ச்சல் புதிய நோயுமன்று, இந்நாட்டுக்கு அந்நியமானதுமன்று. பழுப்பு நாயுண்ணி கடிக்கும்போது எர்லிகியா கானிஸ் என்னும் நுண்ணுயிர் நாயின் வெள்ளணுக்களுக்குள் புகுந்துவிடுகிறது. அல்ஜீரியாவில் 1935ஆம் ஆண்டிலேயே அதனைக் கண்டு எழுதி வைத்தார்கள். 1960களில் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் இராணுவத்தார் வளர்த்த நாய்கள், மூக்கில் இரத்தம் வடித்து மடிந்தன. அதே பத்தாண்டின் இறுதியில் வியட்நாமில் அமெரிக்க இராணுவ நாய்கள் 200க்கு மேல் அந்நோயால் இறந்தன. இந்நோய் உலகின் வைத்திய நூல்களில் பெரிய இடம் பிடித்ததற்கு நம் தீபகற்பத்து முனையில் செத்த நாய்களும் ஒரு காரணம். ஆண்டு முழுதும் வெப்பமும் ஈரமும் குறையாத மலேசியாவில் உண்ணிக்கு ஓய்வுகாலம் கிடையாது. வெளுத்த ஈறும் மூக்கிரத்தமும் உண்ணியும் ஒருங்கே இருக்கும் நாயைக் கண்டால், இங்கே தொழில் பழகும் மாணவனுக்கும் முதலில் நினைவு வர வேண்டிய நோய் இதுவே. அதற்குரிய டாக்சிசைக்கிளின் என்னும் மருந்தும் பழமையானது, விலை மலிவானது. நான்கு வாரம் விடாமல் கொடுக்க வேண்டும் என்பதே அதிலுள்ள சிரமம். இவ்வளவும் தெரிந்த நோயை விட்டுவிட்டு உணவு மூட்டை விற்கத் தோன்றுமானால், பார்வை நாயின்மேல் இருந்ததா, மூட்டையின்மேல் இருந்ததா என்று நாம் கேட்கக்கூடாதா?

நிற்க. “மருந்தின் பெயரை வெளியே சொல்லும் வழக்கம் இல்லை” என்ற அந்த வாசகத்தைச் சற்றே ஆராய்வோம். இந்த வழக்கத்தை நாம் முன்னரே அறிவோம். நம் முன்னோருள் மாட்டு வாகடம் கற்ற வைத்தியர்கள் பலர் இருந்தார்கள். மாட்டின் காதைத் தொட்டுக் காய்ச்சல் அறிந்தார்கள், சாணத்தை முகர்ந்தார்கள், நாவை இழுத்துப் பார்த்தார்கள், அசைபோடும் கணக்கை எண்ணினார்கள். நோயின் காரணம் அவர்களுக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடும் போட்டார்கள். ஆயினும் பார்த்தார்கள் என்பதை மறுக்க முடியாது. அவர்களிடமிருந்த பெரிய நோய் மறைப்பு. பச்சிலையைப் பறிக்கும்போது ஒருவரும் உடன்வரக் கூடாது. பெயரைச் சொன்னால் மருந்து பலிக்காது. பெற்ற பிள்ளைக்கும் சாகும் தறுவாயில்தான் சொல்லுவது. சொல்லுவதற்குள் நா அடைத்துப்போய்ச் செத்தவர்கள் எத்தனை பேர்! அவர்களோடு எரிந்துபோன அறிவு எவ்வளவு! எந்த இலை பலித்தது, எது பலிக்கவில்லை என்று ஒருவர் எழுத, மற்றவர் சோதிக்க வழியில்லாமலே போயிற்று.

மேல்நாட்டு மிருக வைத்தியம் முன்னேறியதற்குக் காரணம் அந்நாட்டாருக்கு மூளை அதிகம் என்பதன்று. 1761ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து லியோன் நகரில் குளோத் பூர்ழலா என்பவர் முதல் மிருக வைத்தியக் கல்லூரிக்கு அரசாங்க அனுமதி பெற்றார். குதிரை லாடம் அடிப்பவரும் மாட்டுத் தரகரும் தத்தம் வீட்டில் பூட்டி வைத்திருந்த தொழில், அன்று முதல் பலரறியக் கற்பிக்கும் சாஸ்திரமாயிற்று. மாட்டு மந்தைகளை ஊர் ஊராக அழித்து வந்த வெக்கை நோய், உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதென்று 2011ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்தபடி மனித முயற்சியால் முற்றும் ஒழிந்த நோய் இஃதொன்றே. மனித வைத்தியர்கள் ஒரு நோயை ஒழித்தார்கள். மிருக வைத்தியர்களும் ஒன்றை ஒழித்திருக்கிறார்கள். ஒரு தேசத்தார் கண்டதை மற்றொரு தேசத்தார் படித்து, தடுப்பு மருந்தின் செய்முறையை ஒளிக்காமல் வழங்கியதால் கைகூடிய காரியம் அது. இத்தகைய பெருமையுடைய தொழிலின் பட்டத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் உறையில் பெயரில்லா மாத்திரை கொடுப்பவரை நாம் என்னவென்று அழைப்பது? சட்டைதான் விஞ்ஞானியின் சட்டை. உள்ளேயிருப்பவர், பச்சிலை இரகசியத்தைப் பிள்ளைக்கும் சொல்லாமல் செத்தவரின் வாரிசு.

விதியைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. 340 வெள்ளி வாங்கும்போது விதியின் பேச்சு எழவில்லை. விதிதான் முடிவு கட்டும் என்றால் ஊசி எதற்கு, உறை எதற்கு, ரசீது எதற்கு? குணமானால் வைத்தியரின் கைராசி, இறந்தால் பிராணியின் தலையெழுத்து என்னும் இந்தக் கணக்கில் வைத்தியருக்கு ஒருநாளும் நஷ்டமே வராது.

“ஒரு நாய்க்காக இத்தனை கூச்சலா? மனிதனுக்கே வைத்தியம் கிடைக்காமல் இருக்கிறதே” என்று சில நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். மனிதனுக்கு வைத்தியம் வேண்டுமென்று கூச்சலிட வேண்டிய நாளில் அவர்களையும் அழைத்துக்கொள்வோம்; அப்போது அவர்கள் வந்தால் மகிழ்வோம். ஆனால் மிருகத்தின் நோய் மிருகத்தோடு நிற்பதில்லை என்பதை மலேசியாவில் வாழும் நாம் மறப்பது ஆபத்து. 1998ஆம் ஆண்டு இறுதியில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் தொடங்கி, நெகிரி செம்பிலான் வரை பரவிய நோயை எண்ணிப் பாருங்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் முடிவு கட்டினார்கள், கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது. இங்கே விழுந்தவர்களோ பன்றியைக் கையால் தொட்டு வேலை செய்த வளர்ந்த ஆண்மக்கள். பன்றிகள் தூரத்தில் கேட்கும்படி இருமிக்கொண்டிருந்தன. கண்ணுக்கெதிரே இருந்த இவ்வடையாளங்கள் முன்கூட்டிச் செய்த முடிவுக்கு ஒத்துவரவில்லை. 1999 மார்ச் மாதத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுவா காவ் பிங் நுண்ணாடியில் பார்த்து, இது வேறு கிருமி என்றார். அதற்கு நிப்பா என்று பெயர் வந்தது. 105 பேர் மாண்டார்கள்; பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. பார்ப்பதற்கு முன்பே நோயின் பெயரைச் சொல்லிவிடும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா? ஒரு நாயின் முன் நாற்காலியைவிட்டு எழாதவர், நாளை வெறிநோய் கொண்ட நாய் வந்தால் எழுந்திருப்பார் என்று நாம் நம்ப வேண்டுமா? சரவாக்கில் 2017ஆம் ஆண்டில் வெறிநோய் பரவியதாக அறிவிக்கப்பட்டு உயிர்ச்சேதம் நேர்ந்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

நம்மவர்மீதும் குறை உண்டு. அதை மூடி வைக்கப் போவதில்லை. சொறிபிடித்த நாய்மேல் வண்டியில் வடித்த பழைய எண்ணெயைப் பூசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது தோலின் வழியாகவும், நாய் நக்கும்போது வாய் வழியாகவும் உள்ளே சென்று நஞ்சாகிறது. பூனைக்குக் காய்ச்சலென்று தங்களுக்கு வாங்கிய பாரசிட்டமோல் மாத்திரையை உடைத்துக் கொடுக்கிறார்கள். அம்மருந்தைச் செரித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாது. ஒரே மாத்திரை உயிரைக் குடிக்கக்கூடும். எட்டு நாள் வீட்டில் வைத்திருந்து, மூச்சு வாங்கும்போது தூக்கிவந்து, சோதனைக்குப் பணம் தர மாட்டோமென்று வாதாடி, இறந்தபின் வைத்தியரைத் திட்டுகிறவர்களையும் நாம் அறிவோம். நல்ல வைத்தியர்கள் இவர்களிடம் படும் பாட்டைக் கேட்டால் பரிதாபமாகவே இருக்கிறது. ஆனால் கேட்ட சோதனையைச் செய்யாமல், கேட்காத மூட்டையை விற்றவர்கள் இந்தச் சமாதானத்தின் பின்னே ஒளிந்துகொள்ள இடமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோட்டப்புறத்தில் மாடும் ஆடும் வளர்த்து, பால் கறந்து விற்று, பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். அவர்களுக்கு ஒரு பசு இறந்தால் ஒரு குடும்பத்தின் வரும்படி இறந்தது. அப்படிப்பட்ட ஏழைகள் இன்றும் இருக்கிறார்கள். பெரிய படிப்புப் படித்தவர்முன் கைகட்டி நின்றே பழகிய அவர்கள், ஊசியின் பெயரைக் கேட்கவும் அஞ்சுவார்கள். நாம் கேட்டதற்கே “வைத்தியர் நீங்களா, நானா” என்றால் அவர்களுக்கு என்ன பதில் கிடைக்கும்? இதை எழுதத் துணிந்ததற்கு நாயின் பிரிவைக் காட்டிலும் இதுவே முக்கிய காரணம்.

சட்டம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. 1974ஆம் ஆண்டின் மிருக வைத்தியர் சட்டப்படி மலேசிய மிருக வைத்தியர் மன்றம் அமைந்திருக்கிறது. அதன் பதிவேட்டில் பெயரில்லாதவர் இத்தொழிலைச் செய்ய முடியாது. ஒழுக்கம் தவறினவர்களை விசாரிக்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. 2015ஆம் ஆண்டின் பிராணி நலச் சட்டம், பிராணியை வதைப்பவருக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது. பிராணியை வைத்திருக்கும் நம்மேல் இவ்வளவு பொறுப்பைச் சட்டம் சுமத்துமானால், அப்பிராணியின் உடம்பில் ஏற்றப்பட்டது இன்னதென்று அறியும் உரிமை மட்டும் நமக்கு எப்படி இல்லாமற் போகும்? மனிதருக்கு வைத்தியம் செய்யும் தனியார் கிளினிக்குகளும் மருந்துக் கடைகளும் 2025 மே 1 முதல் மருந்தின் விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று அரசாங்கமே உத்தரவிட்டிருக்கிறது. நாம் விலையைக்கூடக் கேட்கவில்லை, பெயரைத்தான் கேட்கிறோம்.

மருந்தின் பெயரும் அளவும் ஒவ்வோர் உறையிலும் எழுதப்பட வேண்டும். ரசீதில் ‘ஊசி’ என்பதோடு நில்லாமல் இன்ன ஊசி என்று இருக்க வேண்டும். கேட்ட அன்றே சிகிச்சைக் குறிப்பின் நகல் கிடைக்க வேண்டும். வேறொரு வைத்தியர் அவசரமாகக் கேட்டால் அந்த நிமிஷமே கிடைக்க வேண்டும். இவற்றில் எதற்கும் ஒரு காசு செலவில்லை. ஒரு பேனாவும் அரை நிமிஷமும் போதும். செர்டாங்கில் 1970களின் தொடக்கத்திலிருந்து மிருக வைத்தியர்களைப் பயிற்றி அனுப்பும் கல்விக்கூடம் இருக்கிறது. அங்கே கற்று வந்தவர்களில் எத்தனையோ பேர் கேளாமலே இவற்றைச் செய்து வருகிறார்கள். நம் இரண்டாம் வைத்தியர் அவர்களில் ஒருவர். ஆகையால் நாம் கேட்பது நடவாத காரியமன்று.

நாம் பதிவுத் தபாலில் அந்த வைத்தியசாலைக்கு எழுதிய கடிதத்தில் ஒரே வரிதான் இருந்தது: எங்கள் நாய்க்குப் போட்ட ஊசியின் பெயரையும் அளவையும் தெரிவியுங்கள். முப்பது நாள் காத்திருந்தோம். பதில் வரவில்லை. ரசீதின் நகலையும், பெயரில்லா மாத்திரைகளில் மிஞ்சிய நான்கையும், இரண்டாம் வைத்தியரின் குறிப்பையும் சேர்த்து மன்றத்துக்கு மனு அனுப்பியிருக்கிறோம். வைத்தியசாலையின் பெயரை இங்கே நாம் வெளியிடாததற்குக் காரணம், அது விசாரிப்பவர்களின் வேலை என்பதே. இதே போன்ற ரசீது வைத்திருக்கும் அன்பர்கள் அதைக் கிழித்தெறியாமல் தங்கள் மனுவையும் மன்றத்துக்கே நேராக அனுப்பக் கோருகிறோம். நம் மனுவின் முடிவு நமக்குச் சாதகமாயினும் பாதகமாயினும் இப்பகுதியிலேயே அதனை வெளியிடுவோம்.